மேட்டில் இறங்கி நடப்பது இழுக்கா?

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே செல்லும் கொச்சி நெடுஞ்சாலை முந்தல் வரையில் ஓரளவு சமமாகவே போகிறது. முந்தலைக் கடந்ததும் மலை தொடங்குகிறது. அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவுக்குள் சாலை ஆயிரம் மீட்டர் அளவுக்கு உயர்ந்துவிடுகிறது. விடியற்காலையில் ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இவ்வழியே விரைவதைப் போடியில் வாழ்வோர் அனைவரும் அறிவர். அவ்வளவாகக் கண்ணில் படாதவர்கள், அடிவாரத்து மேடுகளில் மிதிவண்டியோடு போராடுகிறவர்கள். மாந்தோப்புக்குக் காவலுக்குப் போகிறவர், இலவந்தோப்பில் வேலை முடித்துத் திரும்புகிறவர், பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறவர் என அவர்களுள் பலரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள்.

மேடு வந்ததும் சிலர் இயல்பாக இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கின்றனர். வேறு சிலர் இறங்குவதில்லை. இருக்கையிலிருந்து எழுந்து, மிதியின் மேல் நின்று, மூச்சை அடக்கி, கைப்பிடியை இறுகப் பற்றி, வண்டி இடமும் வலமும் நெளிய ஏறிவிடுகின்றனர். பின்னால் வரும் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதோ, தேநீர்க் கடையில் அமர்ந்திருப்பவர் கேலி செய்வார் என்பதோ காரணமாக இருக்கலாம். உடல்நலம் உள்ளவர் எப்படி ஏறினாலும் அது அவர் விருப்பம். மாரடைப்புக்கோ நுரையீரல் நோய்க்கோ சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர் இப்படி ஏறும்போதுதான் நாம் கவலைகொள்ள வேண்டியிருக்கிறது. அவருக்காகவும், அவரோடு வாழ்கிறவர்களுக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில், இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மிதிவண்டிப் பந்தய உலகில் இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயம் 1910ஆம் ஆண்டில்தான் முதன்முறையாகப் பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்கள் வழியே நடத்தப்பட்டது. அவற்றுள் டூர்மாலே என்னும் கணவாய் 2,115 மீட்டர் உயரமுடையது. அக்காலத்தில் அது கரடுமுரடான மண்பாதை. குஸ்தாவ் காரிகு என்பவர் வண்டியை விட்டு இறங்காமலே அம்மலையை ஏறி முடித்தார். அதற்காக அவருக்கு 100 பிராங்க் பரிசு தரப்பட்டது. ஒக்தாவ் லாபீஸ் என்பவர் சில இடங்களில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அவ்வாண்டுப் பந்தயம் முடிந்தபோது, இறங்காத காரிகு மூன்றாம் இடத்தைப் பெற்றார். இறங்கி நடந்த லாபீஸ் முதலிடம் பெற்றார்.

அப்பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சு என்பவருக்குப் பல்சக்கர கியர் வண்டிகளையும் பிடிக்காது. அவையெல்லாம் 45 வயதைக் கடந்தவர்களுக்கே உரியவை என்று அவர் 1902இல் எழுதினார். கியர் மாற்றும் கருவியை அப்பந்தயத்தில் அனுமதிக்க 1937ஆம் ஆண்டு ஆயிற்று. பத்திரிகை நடத்தி, பந்தயம் நடத்தி, வீரம் என்பதற்கு ஒரு வரையறையை விற்ற ஒருவரின் கருத்து எத்தனை காலம் நீடித்திருக்கிறது பாருங்கள்! இன்றைய வீரர்கள் அந்த அளவுக்கு வெட்கப்படுவதாகத் தெரியவில்லை. பெல்ஜியத்தில் கோப்பன்பெர்க் என்னும் குன்றின் கல்பாவிய பாதை 20 விழுக்காட்டுக்கும் மேலான சரிவுடையது. 2024ஆம் ஆண்டு பிளாண்டர்ஸ் பந்தயத்தன்று மழையில் அது வழுக்கியபோது, உலகின் முன்னணி வீரர்களுள் பெரும்பாலோர் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினர்.

நம் ஊர் மிதிவண்டியின் அமைப்பையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். நம் தந்தையர் காலந்தொட்டு ஓடிக்கொண்டிருக்கும் கனமான கறுப்பு வண்டிக்குக் கியர் கிடையாது. எடை ஏறக்குறைய 20 கிலோ. மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகர்ந்தாக வேண்டும். சமதரையில் பால், புல்லுக்கட்டு, மூட்டை எல்லாவற்றையும் சுமக்க இவ்வமைப்பு போதுமானது. மலைக்கு இது பொருந்தாது. அதைவிட முக்கியமான ஒன்றுண்டு. மிதிவண்டியை விருப்பம்போல் மெதுவாக ஓட்ட இயலாது. மணிக்கு ஏழு, எட்டுக் கிலோமீட்டருக்குக் கீழே வேகம் குறைந்தால் பெரும்பாலோருக்குச் சமநிலை தவறத் தொடங்குகிறது. ஆகவே ஏற்றத்தில் வண்டியின் மேல் இருப்பவர் தம் இதயத்துக்கு ஏற்ற வேகத்தில் செல்ல முடியாது. விழாமல் இருப்பதற்குத் தேவையான வேகத்தில்தான் செல்ல முடியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ளவர், 20 கிலோ வண்டி, நூறு மீட்டர் சென்றால் ஆறு மீட்டர் உயரும் சாலை. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் அவர் நிமிடந்தோறும் 80 கிலோ எடையை எட்டு மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறார். இறங்கி, மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளிக்கொண்டு நடந்தால் அதே எடையை நிமிடத்துக்கு மூன்று மீட்டர்தான் உயர்த்துகிறார். உடற்பயிற்சிச் சோதனைக் கூடங்களில் ‘மெட்’ என்றோர் அளவு வழங்குகிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஒரு மெட். சமதரையில் இயல்பாக நடப்பது ஏறத்தாழ மூன்று மெட். மேற்சொன்ன மேட்டில் வண்டியை மிதிப்பது ஏழு முதல் எட்டு மெட் வரை போகும். தள்ளிக்கொண்டு மெல்ல நடப்பது நான்கு அல்லது ஐந்து மெட்டுக்குள் அடங்கும். மேலே சென்று சேரும்வரை செலவாகும் மொத்த ஆற்றல் பெரிதாகக் குறையாமல் போகலாம். ஆனால் ஒரு நிமிடத்தில் இதயத்திடம் நாம் கேட்கும் வேலை பாதியளவுக்குக் குறைகிறது. சுருங்கிய இரத்தக் குழாய்களை உடைய இதயத்துக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

வண்டியைத் தள்ளுவதே சுமையல்லவா என்று கேட்கலாம். அதே சரிவில் 20 கிலோ வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை, ஒன்றே கால் கிலோ எடையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம், அவ்வளவுதான். பின்னிருக்கையில் 50 கிலோ மூட்டை இருந்தால் அது நான்கு கிலோவைத் தாண்டும். மூட்டையோடு ஏறுவதை இதய நோயாளர் அறவே தவிர்ப்பது நல்லது.

இனி மருத்துவத்துக்கு வருவோம். மேட்டுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை 18ஆம் நூற்றாண்டிலேயே ஒரு மருத்துவர் துல்லியமாகக் கண்டு எழுதினார். வில்லியம் ஹெபர்டன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1768இல் இலண்டன் மருத்துவர் கல்லூரியில் நெஞ்சு வலி ஒன்றை விவரித்தார். நடக்கும்போது, சிறப்பாக மேடு ஏறும்போதும் உணவு உண்ட சற்று நேரத்திலும் நெஞ்சில் ஓர் இறுக்கம் தோன்றுகிறது. நின்றவுடன் அது மறைந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. ஆஞ்சைனா என்று அவர் அன்று வைத்த பெயரையே நாம் இன்றும் வழங்குகிறோம். நின்றால் மறைகிறது என்னும் அந்தச் செய்தியில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. மறைந்துவிடுவதால் அதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று நோயாளர் எண்ணிக்கொள்கிறார்.

மறைக்கும் இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கால் இரத்தக் குழாய் அடைப்பால் சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து நின்றுவிடும் நோயை ஜெர்மானியர் ‘கடைச்சாளர நோய்’ என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். வலியால் நிற்பவர், தாம் நிற்பதை மறைப்பதற்காகக் கடையின் கண்ணாடிச் சாளரத்துக்குள் எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்வாராம். நம்மவர்கள் செருப்பு வாரைச் சரிசெய்கிறார்கள். சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டதுபோல் குனிகிறார்கள். கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள்.

மருத்துவருக்கு அந்த இடம் தெரிந்தாக வேண்டும். நீங்கள் எந்த இடத்தில் இறங்கினீர்கள், எந்த இடத்தில் நின்றீர்கள் என்பது ஒரு பரிசோதனை முடிவைப் போன்றதே. இது மிகைப்பட்ட கூற்றன்று. மூச்சுத் திணறலை அளக்க உலகெங்கும் பயன்படும் பிரிட்டனின் ஓர் அளவுகோல், கடந்த நூற்றாண்டின் நடுவில் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோயை ஆராய்ந்த மருத்துவர்களிடமிருந்து உருவானது. அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. கடும் உழைப்பின்போது மட்டும் மூச்சு வாங்கினால் அது தொடக்க நிலை. சமதரையில் விரையும்போதோ சிறு மேட்டில் ஏறும்போதோ மூச்சு வாங்கினால் அடுத்த நிலை. ஒத்த வயதினரோடு சமதரையில் நடக்க இயலாமல் பின்தங்கினால் அதற்கும் அடுத்தது. நூறு மீட்டர் நடந்ததும் நிற்க வேண்டியிருந்தால், வீட்டை விட்டு வெளியேறவே இயலாவிட்டால் என்று மேலும் இரு நிலைகள். வெட்கத்தால் ஒருவர் “நன்றாகத்தான் ஏறுகிறேன் டாக்டர்” என்று சொல்லிவிட்டால் அவருக்குரிய நிலை தவறாகக் குறிக்கப்படுகிறது. மாத்திரையின் அளவும் அதையொட்டியே தவறிவிடக்கூடும்.

ஆகவே நாள்தோறும் ஒரே வழியில் செல்பவர்கள் ஓர் எளிய வழக்கத்தை மேற்கொள்ளலாம். சென்ற மாதம் கோயில் வளைவு வரை மிதித்துச் சென்றீர்கள். இம்மாதம் அதற்கு முன்னுள்ள புளியமரத்திலேயே இறங்கிவிடுகிறீர்கள் என்றால், அதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இறங்கும் இடம் படிப்படியாகக் கீழே வந்துகொண்டிருந்தால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் வந்து காட்டுங்கள். சில நாட்களுக்குள்ளேயே அது சட்டென்று கீழிறங்கினால், அல்லது மேடே இல்லாத இடத்தில், ஓய்வாக இருக்கையில் நெஞ்சு இறுகினால், அன்றே வரவேண்டும். நீரிழிவு நோய் உள்ளவர்களுக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதால் நெஞ்சு வலி தோன்றாமலே போகலாம். அவர்களுக்குக் காரணமற்ற களைப்பும் மூச்சு வாங்குதலுமே எச்சரிக்கை ஆகும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மேட்டு வழியில் செல்லும்போது சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸ் பொட்டலமோ வைத்திருப்பது கட்டாயம்.

எவ்வளவு முயன்றால் போதும் என்பதை அறிய எளிய வழி, பேசிப் பார்ப்பது. நடந்துகொண்டே இரண்டு வாக்கியங்கள் இடையறாமல் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் முயற்சி சரியான அளவில் இருக்கிறது. ஒரு வாக்கியத்துக்குள்ளேயே மூச்சு அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நாடித்துடிப்பை எண்ணிப் பார்க்கலாமே என்பவர்களுக்கு ஒரு செய்தி: மெட்டோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரைகள் நாடித்துடிப்பை உயர விடுவதில்லை. அவற்றை உட்கொள்பவர் எவ்வளவு திணறினாலும் நாடி அமைதியாகவே இருக்கும். நாடியை நம்பி ஏறுவதைவிட மூச்சை நம்பி இறங்குவதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

இறங்கி நடப்பதையும் நின்றுவிடுவதையும் ஒன்றாகக் கருதக் கூடாது. வெறும் களைப்பு என்றால், கடுமையாக மிதித்த உடனே அசையாமல் நிற்க வேண்டாம். கால்களில் இரத்தம் தேங்கித் தலைசுற்றல் வரலாம்; மெல்ல நடந்துகொண்டிருப்பதே நல்லது. நெஞ்சில் இறுக்கம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் நடக்கவும் வேண்டாம். வண்டியை வளைவில் நிறுத்தாமல் சாலையோரம் சாய்த்துவிட்டு உட்காருங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தால் உட்கார்ந்த பிறகே அதை வையுங்கள். இரத்த அழுத்தம் குறைந்து மயக்கம் வரக்கூடும். ஐந்து நிமிடங்களில் வலி தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள். வண்டியில் ஏறி இறக்கத்தில் உருண்டு வீடு சேர்ந்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். மலைச்சாலையில் எல்லா இடத்திலும் கைபேசி இணைப்புக் கிடைப்பதில்லை. அவ்வழியே வரும் ஜீப்பையோ பேருந்தையோ கைகாட்டி நிறுத்தக் கூச்சப்பட வேண்டாம். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளை உட்கொள்பவர் அதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. அவற்றோடு நாக்கடி மாத்திரையும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். அங்கும் வெட்கமே உயிருக்கு உலை வைக்கிறது.

குடும்பத்தினரிடம் சில சொற்கள். “இந்த மேட்டுக்கேவா மூச்சு வாங்குது?” என்ற கேள்வியை நாம் பரிவோடுதான் கேட்கிறோம். கேட்பவர் காதில் அது குற்றச்சாட்டாக விழுகிறது; அடுத்த முறை அவர் மூச்சு வாங்குவதை மறைக்கக் கற்றுக்கொள்கிறார். இதன் மறுமுனையில், அப்பாவின் சைக்கிளையே பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. மாரடைப்புக்குப் பின் மருத்துவர் அனுமதித்த அளவில் நடப்பதும் மிதிப்பதும் மருந்துக்கு இணையான சிகிச்சை. அதை முற்றாக நிறுத்துவது நன்மை செய்யாது. உடன் செல்ல வாய்த்தால், அவருக்கு அரை அடி பின்னால் நடந்து செல்லுங்கள். முன்னால் நடப்பவரின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவே மனிதமனம் முயலும்.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தனர் என்றே தோன்றுகிறது. பழைய வழித்தடங்களில் இன்றும் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். இரு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கு ஏற்ற உயரம் அது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நடும் வழக்கமும் இருந்தது. சுமப்பவர் நிற்பார் என்பதை அவர்கள் எதிர்பார்த்தார்கள். அதற்குக் கல் வெட்டி வைத்தார்கள். இன்று கம்பம், குமுளி வழியாகச் சபரிமலைக்குச் செல்லும் நம் மாவட்டத்து ஐயப்ப பக்தர்கள் நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதய சிகிச்சை மையங்களைக் காண்கிறார்கள். ஏற்றத்தில் நெஞ்சு வலி கண்டு உயிர் துறப்பவர் ஆண்டுதோறும் இருப்பதால்தான் அவை அங்கே உள்ளன. விரதம் இருந்தவர் இடையில் உட்கார்ந்தால் விரதம் குறைந்துவிடாது என்பதை எந்தக் குருசாமியும் சொல்வார்.

எல்லோருக்கும் இறங்கி நடப்பதே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. முதுகுத் தண்டுக் குழாய் குறுகியவர்களுக்கு நிமிர்ந்து நடந்தால் கால்கள் மரத்துப் போகும். முன்குனிந்து மிதிவண்டி ஓட்டினால் வலி இருக்காது. அவர்கள் மேட்டில் நடக்க வேண்டி வந்தால் கைப்பிடியின் மேல் சற்றுக் குனிந்து தள்ளுவது ஆறுதல் தரும். நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் அவ்வாறு முன்சாய்ந்து கைகளை ஊன்றுவது மூச்சை எளிதாக்குகிறது. உதடுகளைக் குவித்து மெல்ல ஊதுவதுபோல் மூச்சை வெளிவிட்டால் இன்னும் எளிது. அவ்வகையில் தள்ளிச் செல்லும் மிதிவண்டி ஓர் ஊன்றுகோலாகவே பயன்படுகிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் கியரில்லாத வண்டியை மேட்டில் மிதித்தால் முழங்கால் சில்லில் அழுத்தம் மிகுகிறது. அவர்கள் மேடு தொடங்கும் முன்பே இறங்கிவிடலாம்.

நேரமும் பார்க்க வேண்டும். வயிறு நிறைய உண்டபின் இரண்டு மணி நேரமாவது கழியட்டும். மார்கழி, தை மாதங்களில் மலையடிவாரத்து விடியற்குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வெயில் சற்று ஏறிய பிறகு புறப்படுவது நல்லது. போடிமெட்டு வரை தள்ளிக்கொண்டு நடக்க ஏழு மணி நேரம் ஆகும். அதற்குப் பேருந்து இருக்கிறது.

இறக்கத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். இதயத்துக்கு அது எளிது. கைகளுக்கும் பிரேக்குக்கும் எளிதன்று. கம்பிப் பிரேக் உள்ள பழைய வண்டிகளில் ரப்பர் கட்டைகள் தேய்ந்திருந்தால் நீண்ட சரிவில் பிடிக்காது. மழையில் நனைந்த சக்கரத்தில் சுத்தமாகவே பிடிக்காது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் உள்ளே இரத்தக் கசிவு ஏற்படலாம். அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் அவர்கள் இறங்கும்போதும் வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தே வரலாம்.